தொடர்ச்சி விதி

தினமும் காலை ஆறரை மணிக்கு அமலோற்பவமும் அவள் கணவன் கஸ்பாரும் சேர்ந்து ஊதுவார்கள். பல் தேய்ப்பதற்கு முன்னால் ஊதியாக வேண்டும். பற்பசை வாசனை பட்டால் கருவி குழம்பிவிடும். படுக்கையறைச் சுவரில் பதித்த சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு குழல்கள். ஆளுக்கொன்றை வாயில் வைத்துக்கொண்டு பத்து எண்ணும் வரை மூச்சை விட வேண்டும். கைரேகை மாதிரி மூச்சிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மணம் உண்டு. இரண்டு மூச்சும் ஒரே அறையிலிருந்து ஒரே நேரத்தில் வந்தவை என்று தெரிந்ததும் பெட்டியின் மேலுள்ள எண் ஒன்று கூடும். அன்றைக்கு அது 1,641 ஆனது.

நிலாவில், வெண்குடா நகரத்தில், பூமியிலிருந்து வந்த மருமகளோ மருமகனோ இருந்த வீடுகளிலெல்லாம் அந்தப் பெட்டி இருந்தது. நிலாவில் பிறந்தவரை மணந்து வருகிறவருக்கு முதலில் மணச்சீட்டுதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு குடியிருக்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டு கிடையாது, பிள்ளை பெற அனுமதி கிடையாது. துணை இறந்துபோனால் அடுத்த கப்பலில் திரும்பிவிட வேண்டும். ஐந்து வருடம், அதாவது 1,826 நாள், விடாமல் சேர்ந்து ஊதினால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அதில் தேறினால் நிலைக்குடி. நடுவில் மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் எண் பூச்சியத்துக்குப் போய்விடும், மணச்சீட்டும் புதிதாக வாங்க வேண்டும். முன்னொரு காலத்தில் பொய்க் கல்யாணங்கள் பெருகியபோது கொண்டுவந்த, விட்டால் எண்ணை அழித்துவிடுகிற இந்த ஏற்பாட்டுக்குத் தொடர்ச்சி விதி என்று பெயர்.

பூமிக்குப் போய்ச் சேரவே மூன்று நாள் ஆகும். திரும்பி வர இன்னொரு மூன்று நாள்.

அமலோற்பவம் தூத்துக்குடிக்காரி. நிலாவில் மண் அள்ளும் வண்டிகளைத் தூத்துக்குடியில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிற வேலையில் இருந்தாள். வெண்குடாவிலிருந்து அந்த வண்டிகளைக் கவனித்துக்கொண்டவன் கஸ்பார். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய் பதில் வர இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டு எதையும் பேசிவிட முடியாததாலேயே அவனைப் பிடித்துப்போயிற்று என்று பின்னால் சொல்வாள். கல்யாணத்தை அம்மா திரையில்தான் பார்த்தாள். அஞ்சே வருஷந்தான், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை வருவேன், பேரப்பிள்ளையோடு வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அன்று மதியம் அண்ணன் ததேயு கூப்பிட்டான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, இருதயம் ஓய்ந்துவிட்டது, பத்து நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அவளையே கேட்கிறாள்.

கஸ்பார் போய் வரச் சொன்னான். எண் போனால் போகட்டும், மறுபடி முதலிலிருந்து ஊதலாம் என்றான். நிஜமாகத்தான் சொன்னான். ஆனால் இருவருக்கும் மற்றக் கணக்கும் தெரியும். எண் அறுந்தவர்களுக்கு இரண்டாவது மணச்சீட்டு கிடைக்க, ஏற்கெனவே நானூறு பேர் காத்திருந்த பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும். கிடைத்த பிறகு இன்னொரு ஐந்து வருடம். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு முடிந்திருந்தது. பிள்ளை என்ற பேச்சுக்கே அதற்கப்புறம் இடமில்லை.

இரண்டு நாள் அவள் ஒன்றும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாமல் இருந்ததே முடிவாகிவிட்டது. மூன்றாம் நாள் கப்பல் போய்விட்டது, அடுத்தது எட்டு நாள் கழித்து. ததேயு திரையை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அம்மாவின் குரல் காற்றாக வந்தது.

"வாறியாம்மா?"

"வாரேம்மா. கப்பல் ஏறப் போறேன்" என்றாள் அமலோற்பவம்.

இரண்டரை நொடி கழித்து அம்மா சிரித்தது தெரிந்தது.

அம்மா அதற்குப் பிறகும் ஒன்பது நாள் இருந்தாள். யார் வார்டுக்குள் வந்தாலும் வாசல் பக்கம் பார்த்தாளாம். அடக்கத்தன்று ததேயு கைப்பேசியைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவைமேல் சாய்த்து வைத்தான். வெயில் பட்டுப் படம் வெளுத்துப்போயிருந்தது. சவப்பெட்டியை இறக்கியதும் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். மகள் எங்கே என்று யாரோ ஒரு பெண் கேட்டதும், நெலாவுல என்று இன்னொருத்தி சொன்னதும் தெளிவாகக் கேட்டன.

மறுநாள் காலை பெட்டி அவள் மூச்சை ஏற்கவில்லை. அழுதால் மூச்சின் மணம் மாறும் போலிருக்கிறது. மறுபடி ஊதவும் என்று மூன்று தடவை சொன்னது. நான்காவது தடவை எண் கூடியது.

நூற்று எழுபத்து மூன்று நாள் கழித்து விசாரணை. அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். மேசைமேல் மெய்யறி என்ற கருவி இருந்தது. சொல்கிறவரின் கண்மணியையும் தோலையும் பார்த்து, சொன்னது மனதிலிருந்து வந்ததா என்று அது காட்டும். கணவனுக்குப் பிடித்த குழம்பு, எந்தப் பக்கம் படுப்பான், கடைசியாக எதற்குச் சண்டை என்று வழக்கமான கேள்விகள் முடிந்தன. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சமீபத்துல உங்க அம்மா தவறியிருக்காங்க. நீங்க போகல."

"போகல."

"பெத்த தாய் சாவுக்கே போகாதவங்க, அன்புக்காகத்தான் கல்யாணம் பண்ணினாங்கன்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது? இந்த ஊர் உரிமைக்காக எதையும் விட்டுடுற ஆள்னு எடுத்துக்கலாம் இல்லையா?"

அமலோற்பவத்துக்குக் கோபம்கூட வரவில்லை. "போயிருந்தா நான் இந்த நாற்காலியில இருக்க மாட்டேன். நீங்களும் இதக் கேட்டிருக்க மாட்டீங்க" என்றாள்.

அதிகாரி மெய்யறியைப் பார்த்தார். அது பச்சையாகவே இருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெற்றவர் சாவுக்குப் போகாத எல்லாரிடமும் இதைக் கேட்கச் சொல்லி விதி இருக்கிறது என்றார். கேட்டபோதே தனக்கும் சங்கடமாக இருந்தது என்றும் சொன்னார். அந்த வாரமே நிலைக்குடி அட்டை வந்தது. பெட்டியைக் கழற்ற வந்தவன் சுவரிலிருந்த நான்கு ஓட்டைகளையும் அடைத்துவிட்டுப் போனான்.

பிள்ளை அனுமதியும் கிடைத்தது. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. நிலாவின் குறைந்த எடையில் ஐந்து வருடம் இருந்த உடம்பு, வயதும் ஆகிவிட்டது, இனி முயல வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவின் கல்லறைக்கு ஒரு தடவை போய் வரலாம் என்று கஸ்பார் சொல்லும்போதெல்லாம் அவள் அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளிவிடுவாள்.

அட்டை வந்த மூன்றாம் வருடம் நகரத்தில் ஊர்வாக்கு அறிவித்தார்கள். தொடர்ச்சி விதியை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா என்று ஒரே கேள்வி. நிலாவில் பிறந்தவர்களில் சிலரே இது கொடுமை என்று மனுப் போட்டு அந்தக் கேள்வியைக் கொண்டுவந்திருந்தார்கள்.

எதிர்வீட்டுத் தில்லைநாயகம் அந்த வாரம் வந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், அவன் மனைவி வெண்குடாவில் பிறந்தவள். அவன் எண் அப்போது 1,212. அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்று போன மாதம் தெரிந்திருந்தது. அவனுக்கு ஓட்டு இல்லை. அதனால் ஓட்டு இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். அமலோற்பவத்திடம் அவன் அதிகம் பேசவில்லை. "ஒங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லக்கா" என்றான். போடுகிறேன் என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.

அவள் வேலை பார்த்த பாசித்தொட்டிக் கூடத்தில், சாப்பிடும் இடத்தின் மூலையில் ஓட்டுப் பலகை வைத்திருந்தார்கள். எடுக்கலாம் என்று ஒரு கட்டம், இருக்கட்டும் என்று ஒரு கட்டம். எடுக்கலாம் என்பதைத் தொடத்தான் கையை நீட்டினாள். அப்போது ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கு ஏதோ ஒரு வீட்டுக்குத் தகவல் வரும். அந்தப் பெண் லீவு சொல்லிவிட்டுக் கப்பல் ஏறுவாள். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள், மண் போடுவாள், திரும்பி வருவாள், காலையில் ஊதுவாள். விட்ட இடத்திலிருந்து எண் நகரும். இவ்வளவு சாதாரணமாக அது முடிந்துவிடும்.

பின்னால் நின்றவர் செருமினார். அவள் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

சாயங்காலம் கஸ்பார் இயல்பாகத்தான் கேட்டான். மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. இருக்கட்டும் என்று போட்டதாகச் சொன்னாள். அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"நீயா? ஏன் அமலி?"

அவள் அந்தத் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

"அது தேவையில்லாத விதின்னு எல்லாரும் சேந்து இன்னைக்குச் சொல்லிட்டா, எங்கம்மாவ நான் எதுக்கு அப்படி விட்டேன்? சும்மாவா? அத என்னால தாங்க முடியாதுங்க" என்றாள்.

அவன் அவள் பக்கம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் போகச் சொன்னவன் அவன் என்பது அவர்களுக்கு நடுவில் கிடந்தது.

தொடர்ச்சி விதி நின்றது. மறுநாள் விவரம் வெளியிட்டார்கள். நிலாவில் பிறந்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் எடுக்கலாம் என்றிருந்தார்கள். மணச்சீட்டில் வந்து நிலைக்குடி ஆனவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் இருக்கட்டும் என்றிருந்தார்கள். அவர்களால்தான் அது பிழைத்தது. பூமியிலிருந்து வருகிற ஒவ்வோர் ஆளையும் ஐந்து வருடம் முகர்ந்து பார்த்துச் சேர்த்துக்கொள்கிற நகரத்தில், தான் பட்டதை அடுத்தவனும் படட்டும் என்கிற அந்தப் பழைய பழக்கம் மட்டும் எந்தச் சீட்டும் இல்லாமல் வந்து குடியேறியிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தில்லைநாயகம் வந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்களாம். விவரத்தைப் படித்தபோது ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்றான். நம்மைப்போல வந்தவர்களே இப்படிச் செய்வார்கள் என்று நினைக்கவே இல்லை என்றான்.

"நூத்துல பதினஞ்சு பேரு மனுசங்களா இருக்காங்க. அதுல நீங்க ஒரு ஆளுன்னு நெனச்சாதான் கொஞ்சம் ஆறுதலா இருக்குக்கா."

கஸ்பார் எழுந்து உள்ளே போனான். அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்; வந்தது வேறு.

"தம்பி, வெள்ளிக்கிழம கப்பல் இருக்கு. போயிட்டு வாங்க. எண்ணு போனா போகுது. அப்பாவப் போய்ப் பாருங்க."

அவன் கேட்பதாகத் தெரியவில்லை. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் நாளை எப்படித் தூக்கிப் போடுவது, மனைவிக்கும் பிள்ளை ஆசை இருக்கிறது, அப்பாவே வர வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னான்.

அவள் மறுபடியும் போகச் சொன்னாள். இந்தத் தடவை கெஞ்சுவது போல இருந்தது. தில்லைநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்வையில் குத்தல் எதுவும் இல்லை, மரியாதைதான் இருந்தது.

"நீங்க போகலியேக்கா" என்றான். "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கீங்க?"