இருபத்திரண்டாம் எண்

போர்வைக்குள் வலது கால் அசைந்ததைப் பவித்ரன் பார்த்தான். பார்க்கத்தான் முடிந்தது. தோட்டத்தில் எண்ணெய்க்காக வெட்டிய கனத்த செம்பனைக் குலை முதுகில் விழுந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பொழுது சாயும்போது தொடங்கிய மழை தகரக் கூரையை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு தைல வாடையும் அறையில் தேங்கிக் கிடந்தது. மனைவி பிரமிளா ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போயிருந்தாள். "கேட்டப் பூட்டிட்டுப் போறேன். திருட்டுப் பயலுக தொல்லைலா." ஆலைக்குள் நுழையும்போதே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். கூப்பிட்டாலும் எடுக்கமாட்டாள்.

டிவியில் அமெரிக்கக் கல்லூரிக்காரர்களின் பந்தாட்ட வீடியோ கேம். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குறுக்கே வருபவனை முட்டித் தள்ளி ஓடுவது. கேம் பெட்டியைக் கொண்டுவந்த தோட்டத்துக் கூட்டாளி ராஜு, மதியம்தான் பவித்ரனின் முகத்தையும் பெயரையும் வைத்து இருபத்திரண்டாம் எண் ஆட்டக்காரனை உருவாக்கிக் கொடுத்தான்.

"வேகத்த முழுசா ஏத்து மச்சான்" என்றான் பவித்ரன்.

"குலை விழுந்தப்ப எங்கடா போச்சு உன் வேகம்?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு ராஜு கிளம்பிப் போய்விட்டான். பவித்ரன் எதையும் இயக்கவில்லை. இரு அணிகளையும் பெட்டியே ஆட்டிவைக்கும். அவனுக்குத் தான் ஓடுவதைப் பார்த்தால் போதும்.

விசில். திரையில் அவன் ஓடினான். கட்டிலில் கால்கள் ஓடின.

முதலில் சந்தோஷத்தில் அழுதான். பிறகு, போதும், நில் என்றான்.

நிற்கவில்லை. சுவரை உதைத்தன. காரை உதிர்ந்தது. நகம் பிய்ந்து ரத்தம் தெறித்தது. வலியே இல்லை. கன்ட்ரோலரின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினான். ஆட்டம் நின்றபாடில்லை.

திரையில் ஒருவன் குறுக்கே வந்தான். இருபத்திரண்டாம் எண் முட்டினான். கால்கள் பவித்ரனைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் அலமாரியில் மோதின. பலகை பிளந்தது. நெற்றியும்.

டிவி வயரைப் பிடுங்கக் கையை நீட்டினான். கால்கள் திரும்பிக்கொண்டன, வாசல் பக்கம்.

பூட்டில் சாவி.

"ஏங்க, பாலத்துல தண்ணி ஏறிருச்சு. பஸ்ஸத் திருப்பிட்டானுங்க."

கதவு திறந்தது. பிரமிளாவின் கையிலிருந்து குடை விழுந்தது.

"நிக்கிறீங்க... ஐயோ முருகா, நிக்கிறீங்க!"

"போ! வெளிய போ பிரமிளா!"

அரங்கத்தின் இரைச்சல் அவன் குரலை விழுங்கியது. திரையில் எல்லைக்கோட்டுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒருவன்தான் நின்றான், கைகளை விரித்துக்கொண்டு.

அவள் அழுதாள். சிரித்தாள். நடை பழகும் பிள்ளையை அழைப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கேட்.

"வாங்க. மெதுவா. என்கிட்ட வாங்க."

முழங்கால்கள் மடங்கின. இடுப்பு தாழ்ந்தது. தலை அவள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

கால்கள் புறப்பட்டன.