பன்னிரண்டு ஏரிகளின் இறால்

காலை 9.40. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மரபணு ஆய்வுக்கூட வாசலில் முத்தம்மாள் அழுதுகொண்டு நின்றாள். பத்து வருடமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவள். வேலையை விட்டு நிறுத்தியதோடு விடாமல், அவளைக் கைது செய்யச் சொல்லிப் புகாரும் கொடுத்திருந்தார் ஆராய்ச்சியாளர் வீரராகவன். உட்கார ஒரு நாற்காலிகூடப் போடவில்லையே பாவிகள் என்று சப்-இன்ஸ்பெக்டர் மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே வீரராகவன் குதித்தார். "லடாக் மலையில பதினஞ்சாயிரம் அடி ஏறி, பன்னெண்டு ஏரியில பிடிச்ச இறால் மேடம்! ஒவ்வொண்ணும் அரிசி அளவுதான். ஏரிக்கு ஒரு புட்டி, புட்டிக்கு இருபது. ஏரிக்கு ஏரி மரபணு வேறன்னு அறிக்கையே அனுப்பிட்டேன். இப்ப எல்லாம் ஒண்ணுன்னு ரிசல்ட் வருது. இந்தப் பொம்பள புட்டி வச்சிருந்த தட்டைத் தள்ளிவிட்டு, எல்லாத்தையும் கலந்து அள்ளிப் போட்டுட்டா!"

10.05. "தட்டு தவறிச்சா?" என்று கேட்டாள் மெர்சி.

"ஆமாம்மா, திங்கக்கெழம," என்றாள் முத்தம்மாள். "ஒரு மூடிகூடத் தெறக்கல. நானே போயி நந்தினியாண்ட சொன்னேன். இந்தச் சம்பளத்துலதான் ஊட்ல மூணு பேரு சாப்புட்டுக்கினு இருக்கோம்."

10.20. சோதனை செய்த நந்தினி.

"நம்ம ஊர் இறாலை யாராவது மாத்திப் போட்டிருக்கலாமா?"

"இல்ல மேடம், மலை ஜாதிதான். எந்தப் புட்டியிலயும் எண்ணிக்கை குறையல. இருநூத்தி நாப்பதும் ஒரே மரபணு."

10.35. மெர்சி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"பன்னெண்டு வகை அரிசியைக் கலந்தா ஒவ்வொரு படியிலயும் பல வகை இருக்கணும். ஒரே வகை எப்படி சார் வரும்? ஒரே புட்டியில இருந்ததைப் பன்னெண்டுக்கும் பங்கு வச்சிருந்தா மொத்தமே இருபதுதான் இருக்கும், இங்க இருநூத்தி நாப்பதும் இருக்கு. இந்தம்மா எதையும் கலக்கல. நீங்கதான் ஒரே ஏரியில பிடிச்சுட்டு, பன்னெண்டு ஏரி பேரை ஒட்டியிருக்கீங்க. மத்த பதினோரு ஏரியில எடுத்த போட்டோ ஒண்ணே ஒண்ணு காட்டுங்க."

வீரராகவன் போனைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"முதல் ஏரியிலயே மூச்சு முட்டிடுச்சு..."

"முட்டினா இறங்கி வர்றதுதானே? அதுக்கு இந்தம்மா வயித்துல அடிக்கணுமா?"

மேலாளர் அன்புராஜ் குழைந்தார். "விடும்மா, நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடு."

"தட்டு தவறினத நானே வந்து சொன்னேன் சார்," என்றாள் முத்தம்மாள். "அவ்ளோ படிச்சவரு என்னாண்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லலியே?"

மெர்சி வீரராகவனுக்கு ஜீப்பைக் காட்டினாள்.

"பொய்ப் புகார் கேசு இருக்கு. நீயும் வாம்மா, முன்னால உக்காரு. அந்த ஒரு வார்த்தைய ஸ்டேஷன்ல சொல்லுவாரு."