பின் கண்ணாடியில் மட்டும் பனி இல்லை

‘இன்னிக்கும் செத்திருந்தா, என் வேலையும் சேர்ந்து செத்துது...’

கார் சாவியைத் திருகும் முன் அவள் மனதில் ஓடியது இதுதான்.

திருகினாள்.

‘டக்!’

அவ்வளவுதான். ஒரு விளக்குகூட எரியவில்லை.

பேட்டரிக்கு ஒன்பது நாளில் ஆறாவது சாவு! பஸ் எட்டிப் பார்க்காத தெரு அது. பத்து மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார்.

கணவன் விடிந்ததும் ஆபீஸ் வண்டியில் கிளம்பிவிட்டான். போகும்போது கன்னத்தைத் தட்டி, “உனக்கெதுக்கும்மா இந்த அலைச்சல்? பேசாம வேலைய விட்டுடேன்” என்றான்.

ஆறு வருஷமாக அதே அன்பான குரல். அந்த அன்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆனால், ‘என் புருஷன் ரொம்ப அன்பா இருக்கார், காப்பாத்துங்க’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் முறையாக அவனிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். கார் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டாள்.

எட்டரைக்கு வந்து இறங்கியவள் ஒரு பெண். ‘ஃபியூஸ் அக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இறுக்கிப் பின்னிய ஜடை. கிரீஸ் படிந்த சுடிதார். குரல் மட்டும் ஜலதோஷத்தில் ஓட்டை சைலன்ஸர் போல இடித்தது.

“பயப்படாத தங்கம்... ரிப்பேர் தொண்டைக்குத்தான், கைக்கு இல்ல!”

கையோடு கொண்டுவந்த பேட்டரியை மாட்டினாள். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவுகளைச் சாத்தி, மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று பார்க்க பேட்டரி வயரில் மீட்டரைக் கவ்வவிட்டாள்.

“இருபது நிமிஷம் வண்டி தூங்கட்டும். நாம தூங்கின பிறகுதான திருடன் வருவான்?”

இருவரும் ஜன்னலில் சாய்ந்து காத்திருந்தார்கள்.

மீட்டர் இறங்கி இறங்கி 0.03 ஆம்பியரில் நின்றது.

“வண்டி சுத்தம் தங்கம்! இவ்ளோ கம்மியா குடிச்சா ஒரு மாசம்கூட நிக்கும்.”

போன் அலறியது. கணவன்!

“எவன்டி அவன்?”

“யா... யாருங்க?”

“நம்ம வாசல்ல நின்னுக்கிட்டு உன்னைத் தங்கம்ங்கறானே, அவன்! வண்டிய எவன் வந்து தொட்டாலும் இன்னிக்கு அது நகராது. பாரு!”

லைன் செத்தது.

அவள் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி பற்ற வைத்திருப்பாளோ?

இல்லை... எதிர்வீட்டுக்காரி பார்த்திருந்தால் ஜடையையும் பார்த்திருப்பாள். பார்த்தவர் யாரும் ஃபியூஸ் அக்காவை ஆண் என்று சொல்ல மாட்டார்கள்.

குரலை மட்டும் கேட்டவர்தான் சொல்வார்கள்!

அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். காரைச் சுட்டினாள். காதைத் தொட்டாள்.

ஃபியூஸ் அக்காவின் கண்கள் விரிந்தன.

அதே நொடி... காரின் பின்பக்கம் எங்கோ ஒரு சின்ன ‘டிக்!’

மீட்டர் 0.03-லிருந்து பதினாலுக்குத் தாவியது!

பதினாலு ஆம்பியர். ஒரு ராத்திரியில் எந்த பேட்டரியும் காலி! காரில் எது அவ்வளவு தின்னும்? ஹெட்லைட் எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை...

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. வண்டி செத்த காலைகளில் எல்லாக் கண்ணாடியிலும் பனி துடைத்திருக்கிறாள். பின் கண்ணாடியை ஒரு நாளும் துடைத்ததில்லை. அது காய்ந்தே இருக்கும்!

ஓடிப்போய்க் கை வைத்தாள்.

சூடு!

பின்சீட்டைத் தூக்கினார்கள். சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சிம். ஒரு மைக். இருக்கும் இடம் காட்டும் கருவி. அதிலிருந்து, பின் கண்ணாடியின் பனியை உலர்த்தும் ஹீட்டருக்கு ஒரு சிவப்பு வயர்.

“அறுத்துடவா?” ஃபியூஸ் அக்கா சைகையில் கேட்டாள். கையில் கட்டிங் ப்ளேயர்.

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, ஃபியூஸ் அக்காவின் காதருகே குனிந்தாள்.

“வேணாங்க்கா. எந்த நம்பர்லேர்ந்து உத்தரவு வந்துதுன்னு அதுல இருக்கும். ஹீட்டர் ஃபியூஸை மட்டும் பிடுங்குங்க.”

பிடுங்கினாள். மீட்டர் 0.03-க்கு விழுந்தது.

“இனி உன் வீட்டுக்காரர் மைக்குல கேக்கலாம், மேப்புல பாக்கலாம்” என்று கிசுகிசுத்தாள் ஃபியூஸ் அக்கா. “பேட்டரியக் குடிக்க முடியாது!”

மணி ஒன்பது பதினைந்து. மறுபடி போன். கிசுகிசுப்பும் மைக்குக்கு எட்டியிருந்தது; இப்போது குரலில் தேன்.

“உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். வெளில அலைஞ்சு கெட்டுப் போகாம இருக்கணும்னு... அந்தப் பெட்டியைக் கழட்டி பீரோல வெச்சுடு. யார்கிட்டயும் காட்டாத. சாயங்காலம் பேசிக்கலாம். சரின்னு சொல்லு.”

ஆறு வருஷமாகச் சொல்லிப் பழகிய ‘சரி’ நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். சாவியைத் திருகினாள். என்ஜின் உயிர்த்தது.

“இல்லீங்க” என்றாள், மெதுவாக.

“என்னது? எங்க கிளம்பற?”

“வேலைக்கு. சாப்பாட்டு நேரத்துல வேற ஒரு இடத்துக்கு.”

“எந்த இடம்? சொல்லிட்டுப் போடி!”

“நான் எதுக்குங்க சொல்லணும்? மேப்புலயே பார்த்துக்கோங்க. புள்ளி போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்!”