தோண்டாதீர்கள், இது தோட்டம்!

செல்போன் அலறியது.

திரையில் கோதண்டராமன். லாட்ஜ் கட்டத் துடிப்பவர். நகரமைப்பு அலுவலர் பலராமன் எடுத்தார்.

"சார், ஆர்டர்ல உங்க கையெழுத்து விழுந்தவுடனே ஜே.சி.பி.யை எறக்கறேன்!"

"எ... எதுக்கு ஜே.சி.பி.?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? பூமிக்கு அடியில கார் பார்க்கிங். பார்க் எடம் முழுக்க ஆழமா எடுக்கப் போறோம்!"

"பிளான்ல பார்க்கிங் மேலதானே இருந்துச்சு?"

"பத்தாது சார். பௌர்ணமிக்கு வர்ற காருங்களை எங்க நிறுத்தறது?"

பலராமன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த மூலையில் சும்மா சிமென்ட் தளம் போட்டு மூடிவிடுவார்கள் என்றல்லவா நம்பியிருந்தார்! இடம் முழுக்கத் தோண்டினால்...

சின்னசாமி வெளியே வந்துவிடுவார்!

சின்னசாமி ஓய்வுபெற்ற தபால்காரர். செங்கம் ரோட்டை ஒட்டிய அந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் முள்மண்டிக் கிடந்தது. தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அதைக் காய்கறித் தோட்டமாக்கியவர் அவர்தான். அதே இடத்தை வணிக உபயோகத்துக்கு மாற்றித் தந்தால், பலராமனின் மருமகனை லாட்ஜில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதாகக் கோதண்டராமன் ஆசை காட்டியிருந்தார்.

போன வாரம் பிரதோஷத்தன்று தெருவே கோயிலுக்குப் போயிருந்தது. இடத்தைப் பார்க்க வந்த பலராமனைச் சின்னசாமி மடக்கினார்.

"இந்தா பாருங்க சார், அத்துக்கல்லு! இங்கேர்ந்து அந்தாண்ட வரைக்கும் ஜனங்களோட எடம். அதை மாத்தறதுக்கு நீங்க யாருங்க? கலெக்டர்கிட்டயே போறேன்!"

கையைப் பிடித்தார். பலராமன் உதறினார்.

அவ்வளவுதான்!

கொல்ல நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் சின்னசாமியின் தலை அதே எல்லைக்கல்லில் மோதியது... மூச்சு நின்றது.

பக்கத்திலேயே சின்னசாமி வெட்டி வைத்திருந்த உரக்குழி. அதற்குள் தள்ளி, சாணியும் சருகும் மண்ணும் போட்டு மூடினார்.

இந்த ஊரில் ஓர் ஆண் காணாமல் போனால் கிரிவலப் பாதையில்தான் முதலில் தேடுவார்கள். 'காவி கட்டிட்டாரு' என்றது தெரு. மனைவி சரோஜா மட்டும் ஒவ்வொரு சாமியார் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றினாள்.

கோதண்டராமனின் போன் வந்த அன்றே பலராமன் ஃபைலைத் திருப்பிப் போட்டார். நில உபயோக மாற்றம்... நிராகரிப்பு!

அதோடு விட்டால் நாளைக்கு இன்னொரு கோதண்டராமன் வருவானே? 'நிரந்தரச் சமுதாயத் தோட்டம், எந்தக் கட்டடத்துக்கும் அனுமதியில்லை' என்று உத்தரவே தயாரித்தார். எல்லா உத்தரவுக்கும் ஒட்டுகிற வழக்கமான நிபந்தனைகளைக் கம்ப்யூட்டர் இதற்கும் ஒட்டியது. பலராமன் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"யோவ், இன்னாய்யா திடீர்னு நேர்மை?" கோதண்டராமன் போனில் கத்தினார்.

"மனசாட்சி உறுத்துது..."

அது மட்டும் பொய்யில்லை.

தோட்டம் காய்க்கிற பருவம் வந்தது. ஒருநாள் அலுவலக வாசலில் சரோஜா. இடுப்பில் ஒரு பூசணிக்காய்.

"அவரு வெட்டின உரக்குழி மேல தானா மொளைச்ச கொடி சார். இதுலதான் காய்ப்பு ஜாஸ்தி! மொதக் காய் உங்களுக்கு!"

"எனக்கு எதுக்கும்மா..."

"தோட்டத்தைக் காப்பாத்திக் குடுத்தீங்களே! அவரு எந்தக் குகையில உக்காந்திருந்தாலும் சேதி கேட்டு வந்துருவாரு. வருவாருல்ல சார்?"

"வ... வருவாரும்மா."

அங்கேயே காலில் விழுந்து சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்தது. மருமகன் முகம் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டார். பாவி!

அன்று வீட்டில் பூசணிக்காய் சாம்பார். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம காலையில தோட்டத்துல பாராட்டு விழா சார். கண்டிப்பா வரணும்!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் சரோஜா. போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே! கஞ்சி போட்ட வேட்டியில் போய் இறங்கினார்.

ஷாமியானா இருந்தது. நாற்காலிகள் இருந்தன. யாரும் உட்காரவில்லை!

இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி எதிரே வந்தாள்.

"வாங்க சார். ஒரு விஷயம் கேக்கணும்."

"எ... என்ன மேடம்?"

"மழைநீர்க் குழி கட்டாயம்னு உங்க ஆர்டர்ல நிபந்தனை இருக்கே?"

"நி... நிபந்தனையா?"

"அதை உங்க கையாலேயே தொறக்கணும்னு விடியறப்பவே வெட்ட ஆரம்பிச்சிருக்காங்க. மலையடிவாரம் இல்லீங்களா... கடப்பாறை போட்ட எடமெல்லாம் பாறை. பூசணிக்கொடி பக்கம் மட்டும் மண்ணு பொலபொலன்னு இருந்துச்சாம்."

பலராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழியை நோக்கி நடந்தார்.

குழி ஓரத்தில் சரோஜா. அவள் மடியில் ஒரு மண் படிந்த மூக்குக் கண்ணாடி. சின்னசாமியுடையது. அழுது அழுது கண்ணீர் வற்றிப் போயிருந்தது. மெல்ல நிமிர்ந்தாள்.

"வருவாருன்னு சொன்னீங்களே சார்... வந்துட்டாரு."

உடைந்துவிட்டார் பலராமன். அவள் முன்னால் மண்ணில் விழுந்தார்.

"கொல்லணும்னு நெனைக்கலம்மா! கையைத்தான் உதறினேன்... கல்லுல அடிபட்டுட்டாரு... நான்தான் மூடினேன்! என்னை மன்னிச்சிரும்மா!"

சரோஜா கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

அன்புச்செல்வி வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"ஜீப்பைத் திருப்புங்க. கோதண்டராமனைத் தூக்க வேணாம்!"

பலராமன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ... உங்களுக்கு என்மேல சந்தேகமே...?"

"துளிகூட இல்ல சார்! லாட்ஜ்காரரு மேலதான் சந்தேகம். அவரைப் பத்தி உங்ககிட்ட விசாரிக்கலாம்னுதான் நின்னேன்."

விலங்கு அவர் கையில் 'க்ளிக்' என்றது.

"மழைநீர்க் குழி வெட்டுங்கன்னு எத்தனையோ பேருக்கு ஆர்டர் போட்டீங்க, ஒருத்தரும் மதிக்கல. மொத தடவையா மதிச்சு வெட்டியிருக்காங்க... சந்தோஷமா ஜீப்ல ஏறுங்க சார்!"