கூடவே சுற்றிய ஆணி

"எங்க குதிரைக்குப் பால் ஜாயின்டும் இல்ல, அது தேயறதும் இல்ல!" என்றான் சின்னப்பையன். அவன் அப்பா ஜட்கா வண்டி ஓட்டுபவர். அவன் கை நிறைய வேர்க்கடலை, வாய் நிறையக் கேலி.

அலமுவுக்கு மூக்கு சிவந்தது. அவள் நைனா கோதண்டபாணியின் வாடகைக் கார், முன்சக்கரம் ஒன்று கழற்றப்பட்டு, முட்டுக்கல்லின் மேல் வாசலில் நின்றது. சக்கரத்தைத் தாங்கும் மேல்மூட்டுதான் பால் ஜாயின்ட். அது தேய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் 'கடக் கடக்' என்று அடித்தது.

நாளைக் காலை திருப்புட்குழியிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவர இந்தக் காரைத்தான் பேசியிருந்தார்கள். "சாயங்காலம் வந்து பாப்பேன். ஓடலைன்னா ஜட்காதான்" என்று சொல்லியிருந்தார் கல்யாணப் பெண்ணின் அப்பா வரதராஜன்.

பழைய மூட்டைக் கழற்றியாகிவிட்டது. புதியதை நைனா பொருத்திவிட்டார். அதன் அடியில் கூம்பு போன்ற ஓர் ஆணி. அது துளைக்குள் இறங்கி நின்றது. கீழே நட்டை முடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஸ்பானரைத் திருப்பினார். நட்டு சுற்றியது. ஆணியும் கூடவே சுற்றியது.

"இன்னாம்மா இது! எவ்வளவு முடுக்கினாலும் ஏறவே மாட்டேங்குது!"

அலமு குனிந்து பார்த்தாள். தினமும் அம்மாவுக்கு அவள்தான் ராட்டையில் பட்டு நூல் சுற்றித் தருவாள். நூல் சுற்றும் குழலை ராட்டையின் கதிரில் லேசாகச் செருகினால் கதிர் மட்டும் சுற்றும். குழல் சும்மா இருக்கும். அழுத்திச் செருகினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

"நைனா! ஆணி துளையில அழுந்தல. மேலேருந்து அமுக்கினா பிடிச்சுக்கும்!"

"அட, ஆமா இல்ல?"

மூட்டின் மேல் பலகையைப் போட்டு அலமு ஏறி உட்கார்ந்தாள். நைனா நட்டைத் திருப்பினார். ஆணி இன்னும் மெதுவாகச் சுற்றியது. இன்னும் கனம் வேண்டும்.

அலமு தெருவில் நின்ற சின்னப்பையனைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள்.

"சின்னப்பையா, நீ வந்து குந்துடா. உன்னை மாதிரி வெயிட்டு இந்தத் தெருவுலயே கிடையாது."

"கிண்டலா?"

"நெஜமாத்தான்டா. நீ இல்லாம ஆவாது."

அவன் கடலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அலமுவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். ஆணி நின்றது. நட்டு மட்டும் ஏறியது. ஏறி, ஏறி, இறுகியது.

"பிடிச்சுக்கிச்சு!" என்று கத்தினார் நைனா.

சாயங்காலம் வரதராஜன் வந்து காரில் ஏறினார். தெருக்கோடிப் பள்ளத்தில் இறங்கி ஏறிக் கார் திரும்பியது. ஒரு சத்தமும் இல்லை.

"பேஷ்! மெட்ராஸ்லேருந்து மெக்கானிக் வந்தாராப்பா?"

"இல்லீங்க, உள்ளூருதான். அதோ, கை கழுவிக்கினு இருக்குதுங்க."

வரதராஜன் எட்டிப் பார்த்தார். தொட்டியருகே அலமு நின்றிருந்தாள், முழங்கை வரை கிரீஸ்.

"நானும்தாங்க! நான்தான் வெயிட்டு!" என்று ஓடிவந்தான் சின்னப்பையன்.

அலமு சிரித்துக்கொண்டே கையைத் தேய்த்துக் கழுவினாள். மூக்கின் நுனியில் ஒட்டியிருந்த கிரீஸை மட்டும், மறுநாள் காலை மாப்பிள்ளையோடு கார் தெருவைக் கடக்கும்வரை அவள் துடைக்கவேயில்லை.