யாரும் நீட்டாத வளையம்

சீனன்குடாவுக்கு அப்பாலுள்ள சின்ன ஸ்டேஷனில் மத்தியானக் கோச்சியால் வந்து இறங்கினார் விபத்து விசாரணை அதிகாரி அருளம்பலம். புடவைக்கடைக்காரர் மகன். ஆர் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காது கொடுப்பார்.

அங்கே ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன் மாஸ்டர் தரும் இரும்பு வளையம் கைக்கு வந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். போன கிழமை டிரைவர் யோகராசா இங்கிருந்து எஞ்சினை எடுத்தார். எதிரே தண்டவாளத் தள்ளுவண்டியில் வந்த இரண்டு வேலையாட்கள் செத்துப் போனார்கள். வளையம் வாங்காமல் போனதாக முடிவானால் யோகராசாவுக்கு மறியல், சிறைதான்.

“மழைக்குள்ள ஒரு கை நீட்டினது, ஐயா. வாங்கிப்போட்டுத்தான் போனனான். மோதினாப் பிறகு பாத்தால் வளையத்தைக் காணேல்ல,” என்றார் யோகராசா.

“உம்மட கதையில பாதியைக் கழிச்சாலும் வளையம் மிஞ்சுதில்லையே, காணும்.”

ஸ்டேஷன் மாஸ்டர் முனாப் கேளாமலே சத்தியம் பண்ணினார். “வளையம் அலுமாரிய விட்டு அசையல்ல, சேர்.”

கேளாமல் வரும் சத்தியங்களை அருளம்பலம் கடையிலேயே நிறையக் கண்டவர்.

“முந்தி வளையம் நீட்டினது ஆர்?”

முனாப்பின் குரல் இறங்கியது. “அலியார். போன மாரியில, மண்ணெண்ணெய் விளக்கோட நிண்டவர நீட்டின கையோட எஞ்சின் இழுத்துட்டுப் போயிட்டு. ஆள் செத்துட்டார்.”

இந்தப் பேய்க்கதைச் சரக்கு தன்னிடம் விலைபோகாது என்று நினைத்துக்கொண்டார் அருளம்பலம். இரண்டு பேரும் கூட்டு என்ற சந்தேகம் வேறு. வளையத்தைத் தன் கையாலேயே அலுமாரிக்குள் ஆணியில் மாட்டிப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். முனாப்பையும் எஞ்சினில் ஏற்றி, தானும் யோகராசாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

“பின்னுக்குப் போய்த் திரும்பி வாரும், யோகராசா. இந்தமுறை கையை நான் நீட்டுறன். ஆர் தாறதெண்டு பாப்பம்.”

மழை கறுத்து இறங்கியது. எஞ்சின் ஊர்ந்து வந்தது. பிளாட்பாரத்தில் ஒரு காகம்கூட இல்லை.

அணைத்த மண்ணெண்ணெய் விளக்கின் மணம்.

நீட்டிய கையில் இரும்பு விழுந்தது.

குளிர் எலும்புவரை போனது.

“சரி, போ,” என்றார் அருளம்பலம். வாய் தானாகச் சொன்னது.

யோகராசா போகவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். “அண்டைக்கு என்ர வாயும் இப்பிடித்தான் சொன்னது, ஐயா.”

அருளம்பலம் கையைப் பார்த்தார். வளையம் இல்லை. முழங்கையைச் சுற்றி வட்டமாய்க் கிறீஸ் கறை.

“இப்பவும் பாதியைக் கழிப்பீங்களோ?” என்று கேட்டார் யோகராசா.

“இல்லை,” என்றார் மெதுவாக. அந்த ஆளை மறியலுக்கு அனுப்ப இனி அவருக்கு ஏலாது.

மூவரும் அறைக்குப் போனார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறப்பைப் போட்டுக் கதவை இழுத்தார்.

உள்ளே வளையம் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.