டிபன் பாக்ஸுக்கு உயிர் கொடுத்தது யார்?

"அக்கா, என் அலமாரிக்குள்ள எவனோ பூந்து வேலை காட்டிட்டான்" என்று செம்பியன் மூச்சு வாங்க வந்து நின்றபோது, அனுப்பிரியா ஆராய்ச்சி அறையில் உட்கார்ந்து தன் ஆய்வேட்டின் முன்னுரையை மறுபடியும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு வந்துபோன முதல்வர்களைவிட அவள் எழுதிய முன்னுரைகள் அதிகம். பட்டம் எப்போது என்று இப்போதெல்லாம் யாரும் அவளைக் கேட்பதில்லை. கேட்க ஆளில்லாமல் போனதும் அவளுக்கு ஒரு நிதானம் வந்துவிட்டது. அந்த நிதானத்தை நம்பித்தான் விடுதியில் எது காணாமல் போனாலும் பிள்ளைகள் அவளிடம் ஓடி வந்தார்கள். கடைசியாக மெஸ்ஸின் சாம்பார் கரண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். அது கிடைத்த இடத்தை வெளியே சொல்ல வேண்டாமென்று வார்டன் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் சொல்லவில்லை.

"என்னா திருடிட்டாங்க?" என்று எழுந்தே விட்டான் சார்லஸ். எம்.எஸ்சி. முதலாண்டு மாணவன். பாடம் படிக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் அவளுக்கு உதவியாளன். அதாவது முழுநேர உதவியாளன்.

"திருடல மச்சான். சரிபண்ணிட்டான்."

சார்லஸ் மறுபடியும் உட்கார்ந்தான்.

செம்பியன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தான். மூடியில் சிறிய திரை. இடப்பக்கம் திசைப் பட்டன்கள், வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பட்டன்கள். உள்ளே ஒரு குட்டிக் கணினி போர்டும் பேட்டரியும். ஒரு காலத்தில் டி.வி.யில் மாட்டி விளையாடிய பழைய கேம்களையெல்லாம் கையில் வைத்து விளையாட, அவனும் அருள்மொழியும் சேர்ந்து செய்த பெட்டி அது. சனிக்கிழமை கடலூரில் இப்படிக் கையால் கேம் பெட்டி செய்பவர்களுக்கான கண்காட்சி. கடையில் வாங்கிய வெளிக்கூட்டுக்கு அங்கே மரியாதை கிடையாது. டிபன் பாக்ஸுக்கு உண்டு.

"போன வாரம் இது செத்துப்போச்சுக்கா. அருள்மொழி புது பேட்டரி மாட்டுனான். நான் மூடி போட்டுக் குடுத்தேன். அவன் கையில வாங்குனதும் படக்குன்னு ஆஃப். தீஞ்ச வாசனை வேற. போர்ட எரிச்சிட்டியேடான்னு கத்திட்டேன்."

"திறந்து பாத்தியா?"

"இல்லக்கா. கோவத்துல அப்படியே லேப் அலமாரில வச்சுப் பூட்டிட்டேன்."

"பொறியியல் கல்லூரி" என்று சார்லஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அப்புறம் அருள்மொழி?"

செம்பியன் தலைகுனிந்தான். "இனிமே என் பெட்டியத் தொடாதன்னு எல்லாரும் இருக்கும்போது சொல்லிட்டேன். அவன் இப்ப தமிழ்மணியோட டேபிளுக்குப் போயிட்டான். வடலூர்லேர்ந்து ஆறாவதுலேர்ந்து ஒண்ணா வந்தவங்க நாங்க. இப்ப மெஸ்ல என்னப் பாத்தா தட்டத் தூக்கிட்டு எழுந்து போயிடறான்."

"தமிழ்மணி யாரு?"

"அவன் வேற பெட்டி செய்யறான். கடலூர் ஓ.டி. பையன், ஓல்டு டவுன். அவுங்க அப்பா அங்க துறைமுகத்துல மீன்பிடி போட்டுக்கெல்லாம் வயர்லெஸ் செட் ரிப்பேர் பண்றவரு. என்னப் பாக்கும்போதெல்லாம் 'இன்னிக்கி என்னா சாதம்'னு கேப்பான்." அவன் பெட்டியை முன்னால் தள்ளினான். "நேத்து அலமாரியத் தொறந்தேன். ஓடுது. யாருன்னு தெரியணும்க்கா. அருள்மொழியா இருந்தா, தப்ப ஒத்துக்கிட்டு சரிபண்ணிருக்கான்னு அர்த்தம். நானே போயிப் பேசிடுவேன்."

"அலமாரிச் சாவி?"

"லேப் கதவுக்கு மேல ஆணியில தொங்கும்."

"அப்ப அதப் பத்திப் பேச வேண்டாம்" என்றாள் அனுப்பிரியா.

மூடியைக் கழற்றினாள். பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் சிவப்பு வயர் மட்டும் புதிதாக இருந்தது. அதன் இரு முனைகளிலும் ஈயம் பற்றவைத்த இடத்தின்மேல் கண்ணாடி போல ஏதோ பூசியிருந்தது. அடியில் பழைய வயர் துண்டு ஒன்று ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

சார்லஸ் குனிந்து முகர்ந்தான். அவன் கண்கள் விரிந்தன. "நெயில் பாலிஷ்! அக்கா, பொண்ணு! வினோதினி! காலேஜ்லேயே நல்லா சால்டர் வைக்கிறது அவதான்!"

வினோதினியை அழைத்து வந்தார்கள். குறிஞ்சிப்பாடிக்காரி. விஷயத்தைக் கேட்டதும் பத்து விரல்களையும் சார்லஸின் முகத்துக்கு நேராக விரித்தாள். நகங்களில் ஒன்றுமில்லை, இரண்டு விரல்களில் சூடுபட்ட தழும்பு மட்டும்.

"போட்டாலும் நிக்காது. இருக்கட்டும், நான் சரிபண்ணிருந்தா சும்மா வச்சிட்டுப் போவனா? காலேஜ் வாசல்ல பேனர் வச்சிருப்பேன்" என்றாள். போகும்போது வயரைப் பார்த்துவிட்டு, "எவனோ செம்புமேல முலாம் பூசுன வயரப் போட்டிருக்கான். இது நம்ம லேப்ல கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பொய்யா இருக்குமோ?" என்றான் சார்லஸ்.

"பேனர் விஷயத்துல பொய் இல்ல" என்றாள் அனுப்பிரியா.

அவள் புது வயரின் இழையை நகத்தால் கீறினாள். மேலே வெள்ளை, கீழே செம்பு. பிறகு பழைய வயரை விரலில் நீவினாள். ஓரிடத்தில் அது தட்டையாக நசுங்கியிருந்தது. மேலுறை கிழியவில்லை, உள்ளே இழைகள் அறுந்திருந்தன. அந்தத் தட்டை இடத்தை டிபன் பாக்ஸின் பக்கவாட்டுக் கிளிப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. செம்பியன் அப்போது ஜன்னல் வழியாகக் கேன்டீனில் அருள்மொழி இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை நாங்களும் கடலூர் வரோம்" என்றாள்.

சனிக்கிழமை பேருந்தில் சார்லஸுக்குப் பொறுமை இல்லை. குடிகாடு பக்கம் ரசாயன ஆலைகளின் நெடி வந்ததும் எல்லோரும் பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவனும் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"யாருன்னு சொல்லுங்கக்கா. நான் மட்டும் தெரிஞ்சுக்கறேன்."

"இப்ப ஜன்னலச் சாத்துனியே, யாரும் சொன்னாங்களா?"

"இல்ல. கை தானா போயிடுச்சு."

"அவ்ளோதான்" என்றாள். சார்லஸ் கடலூர் வரைக்கும் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கண்காட்சி ஒரு திருமண மண்டபத்தில். மேடையில் மாப்பிள்ளை நாற்காலி இருந்த இடத்தில் நடுவர் உட்கார்ந்திருந்தார். செம்பியனின் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி தமிழ்மணியும் அருள்மொழியும். அருள்மொழி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அனுப்பிரியா மூவரையும் ஒரே மேசைக்கு வரவழைத்தாள். தமிழ்மணி பெட்டியும் கையுமாக வரும்போதே, "என்னா மச்சான், இன்னிக்கி தயிர் சாதமா?" என்றான்.

"தமிழ்மணி, உன் பெட்டியத் திறந்து காட்டுறியா?"

அவன் முகம் சட்டென்று மாறியது. "எதுக்கு? போட்டி நேரத்துல..."

"அப்ப நானே சொல்றேன். இந்த டிபன் பாக்ஸச் சரிபண்ணவங்க ரெண்டு காரியம் பண்ணிருக்காங்க. முலாம் பூசுன வயர். பத்தவச்ச இடத்துல நெயில் பாலிஷ். ரெண்டும் பெட்டி ஓடறதுக்குத் தேவையே இல்ல. ரெண்டும் ஒரே எதிரிக்குப் பயந்து செய்யறது: உப்புக் காத்து. சாதா செம்பு கடலோரத்துல பச்சை பூத்துப்போயிடும். அலமாரிக்குள்ள தூங்கப்போற ஒரு கேம் பெட்டிக்கு எவனும் யோசிச்சு இதைச் செய்ய மாட்டான். கை தானா போகணும். போட்டு வயர்லெஸ் செட்டுக்கு நடுவுல வளர்ந்த கை."

சார்லஸ் 'ஆ' என்று வாயைத் திறந்து தமிழ்மணியின் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிவிட்டான். உள்ளே ஒவ்வொரு இணைப்பும் பளபளத்தது.

"நீயா?" என்றான் செம்பியன்.

"அது மட்டும் இல்ல" என்றாள் அனுப்பிரியா. "செஞ்சவன் பழைய வயரத் தூக்கிப்போடாம உள்ளயே சுருட்டி வச்சான். ஏன்? நீ பாக்கணும்னு. பாரு. இந்த நசுங்குன இடம் உன் கிளிப்போட அகலம். பேட்டரி மாட்டுனது அருள்மொழி. மூடியப் போட்டது யாரு?"

செம்பியன் வயரைக் கையில் வாங்கினான். கிளிப்பில் வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

"தீஞ்ச வாசனை?" என்று அவனுக்காகச் சார்லஸே கேட்டான்.

"லேப்ல எந்நேரமும் யாராவது எதையாவது தீச்சிக்கிட்டுதானே இருக்கீங்க?"

தமிழ்மணி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இவன் என் டேபிளுக்கு வந்தான். வேலையே செய்யல. 'நான் எரிக்கல மச்சான், நான் எரிக்கல'ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தான். இம்சை தாங்காம, சரி, உண்மையா பொய்யான்னு பாப்போம்னுதான் தொறந்தேன். வயர் நசுங்கிக் கெடந்துச்சு. தொறந்தாச்சு, அப்படியே மூடவா முடியும்?"

"எங்கிட்ட சொல்லிருக்கலாமே?"

"சொன்னா நம்பிருப்பியா? நீயா பாத்துப் புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன். உன் அறிவு மேல ஜாஸ்தி நம்பிக்கை வச்சிட்டேன்."

"எனக்கும் இவன் சொல்லல" என்றான் அருள்மொழி மெதுவாக. அவன் தமிழ்மணியைப் பார்த்த பார்வையில் நன்றி சொல்லத் தெரியாதவனின் திணறல் இருந்தது.

செம்பியன் அருள்மொழியின் முன்னால் போய் நின்றான். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "தப்பு என்னுதுடா. எல்லார் முன்னாடியும் சொன்னேன் இல்ல, இப்பவும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். என்ன மன்னிச்சிடு" என்றான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரு கேமில் யாரோ செத்துப்போன சத்தம் கேட்டது.

அருள்மொழி டிபன் பாக்ஸை எடுத்தான். ஒரு கேமைத் தொடங்கினான். முதல் பள்ளத்திலேயே விழுந்தான்.

"எடது பட்டன் ஒட்டுது."

"தெரியும். அது உன் வேலை. நீ இல்லாம எனக்கு அது பிடிபடல."

"இத்தன நாளா ஒட்டுறத வச்சிக்கிட்டா இங்க வந்திருக்க?" அருள்மொழி தன் நாற்காலியைத் தமிழ்மணியின் மேசையிலிருந்து தரதரவென்று இழுத்து வந்து செம்பியனின் பக்கத்தில் போட்டான்.

"டேய், அவன் என் பார்ட்னர்டா!" என்று கத்தினான் தமிழ்மணி.

"அப்ப நீயும் வா" என்றான் செம்பியன். தமிழ்மணி வந்தான். வந்தவன் தன் மேசையையும் இழுத்துக்கொண்டு வந்தான். செம்பியன் அவன் கையைப் பிடித்து ஏதோ சொல்லப்போக, அவன், "வாய மூடு, பட்டனப் பிரி, ஸ்க்ரூ எங்க?" என்று அதட்டினான். அப்படியும் செம்பியன் கையை விடவில்லை.

நடுவர் மேடையை விட்டு இறங்கி வந்தபோது இரண்டு பெட்டிகளும் ஒரே குவியலில் திறந்து கிடந்தன. மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்திருந்தன.

"இதெல்லாம் யாரோட வேலை?" என்று கேட்டார்.

மூன்று கைகள் ஒரே சமயத்தில் நீண்டன. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருந்தவனைக் காட்டியது.